யாருடைய வண்டி இது?

வெளியே போய்விட்டு வீடு திரும்பும் பெண்ணிடம் "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பாள். அந்தப் பதிலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை எல்லாம் இல்லைகள்தான். யாரும் உரசவில்லை. யாரும் பின்னால் வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. யார் கண்ணிலும் படாமல் போய்வந்த நாளே நல்ல நாள் என்று எண்ண நாம் பழகியிருக்கிறோம்.

தெருவில் அந்நியர் கண்ணில் படுவது மகிழ்ச்சியாகவும் இருக்க முடியுமா? அலங்கரித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில், பெயர் தெரியாத ஒருவர் நம்மைப் பார்த்து, இன்னார் என்று புரிந்துகொண்டு, தலையசைத்து, தன் வழியே போய்விடுவதைப் பற்றிக் கேட்கிறேன். அப்படி ஒரு பார்வை உண்டென்பதை நான் ஓர் ஊரின் ரவுண்டானாக்களில் பார்த்தேன். அதில் யாருக்குப் பங்குண்டு, யாருக்கு இல்லை என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்கள் சிலவற்றைப் படிக்க ஆறு வாரம் இங்கிலாந்தில் இருந்தேன். லண்டனில் அறை எடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாது. என் எம்.ஏ. வகுப்புத் தோழி மில்டன் கீன்ஸில் குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கே ரயில் ஏறினால் யூஸ்டன் நிலையம். அங்கிருந்து நூலகம் நடந்து போகிற தூரம். மில்டன் கீன்ஸ் 1967இல் அறிவிக்கப்பட்டு, திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம். சாலைகள் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டதுபோல் ஓடும். அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலும் ரவுண்டானாதான். ஒவ்வொரு ரவுண்டானாவிலும் வண்டிகள் வேகம் குறைத்து, ஒன்றையொன்று பார்த்து, வழிவிட்டுச் சுற்றிப் போகின்றன. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காமல் அந்த ஊரில் கார் ஓட்டுவது கடினம்.

தோழியின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மருத்துவமனை ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. அவரிடம் ஒரு நிசான் ஸ்கைலைன் இருக்கிறது. 1990களில் ஜப்பானில் விற்பனையாகி, பழையதான பின் கப்பலேறி இங்கிலாந்து வந்த வண்டி. அந்த வரிசையில் ஆர்32, ஆர்33, ஆர்34 என்று தலைமுறைகள் உண்டு, அவருடையது ஆர்33. பார்ப்பவர்கள் அதை ஜிடி-ஆர் என்று புகழ்ந்தால், "இல்லீங்க, இது அதுக்குக் கீழ உள்ள வகை" என்று உடனே திருத்திவிடுவார்.

இந்த வண்டிகள் ஏன் ஊர் மாறி வருகின்றன என்பதை அவர்தான் விளக்கினார். ஜப்பானில் ஷாகென் என்று ஒரு கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் தடவை, பிறகு இரண்டாண்டுக்கு ஒரு தடவை. வண்டிக்கு வயதாக ஆக, பரிசோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் வரிக்குமாகச் செலவு ஏறும். வைத்திருப்பதைவிட விற்பது மேல் என்று பலர் விற்றுவிடுவார்கள். பிரிட்டனிலும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். பத்து ஆண்டைத் தாண்டிய வண்டி என்றால் இறக்குமதி விதிகளும் தளர்வு. ஓரிடத்தில் வயதாகிவிட்டதென்று ஒதுக்கப்பட்டது இன்னோரிடத்தில் அருமையாகப் போற்றப்படுகிறது.

அப்படி வந்த வண்டியை அடையாளம் காண்பதே ஒரு கலை. பின்பக்கம் நம்பர் பிளேட் பொருத்தும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானியப் பிளேட் அகலம் குறைந்து உயரம் கூடியது. பிரிட்டிஷ் பிளேட் நீண்டு ஒல்லியாக இருக்கும். பிரிட்டனில் கட்டாயமான பின்பக்கப் பனி விளக்கு ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இருக்காது. பம்பருக்கடியில் அதைப் பிறகு மாட்டியிருப்பார்கள். கண்ணாடியில் கிழிக்காமல் விட்ட ஜப்பானிய ஒட்டுவில்லை ஒன்று இருக்கக்கூடும். ஸ்கைலைன் என்றால் பின்னால் நான்கு வட்ட விளக்குகள். மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 என்றால் பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். அதன் எஞ்சினில் மேலும் கீழும் போகும் பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவச் சுழலிகள் சுற்றுகின்றன. அதன் ஓசையே வேறு.

அண்ணன் மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஸ்டேஷன் பக்கம் வெள்ளை ஆர்எக்ஸ்-7 ஒண்ணு பார்த்தேன். புதுசு. இந்த ஊர் வண்டி இல்ல" என்பார். தோழி சமையலறையிலிருந்து, "ஆமா, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்பாள். அவள் கேலி செய்தாலும் அது உண்மைக்கு வெகு தூரத்தில் இல்லை. அந்த வண்டிக்காரர்களுக்குள் ஓர் உறவுமுறை இருக்கிறது. எதிர்ப்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயரும், அல்லது ஒரு தலையசைப்பு. சில சமயம் ஹெட்லைட்டை ஒரு தடவை அணைத்துப் போடுவார்கள். அவ்வளவுதான்.

இதற்கு எழுதாத விதிகளும் உண்டு. பார்க்கலாம், பின்தொடரக் கூடாது. நிறுத்தியிருக்கும் வண்டியைச் சுற்றி வந்து ரசிக்கலாம், தொடக் கூடாது. படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்டலாம், ஆனால் நம்பர் பிளேட்டை மறைத்துவிட வேண்டும். நம்பரை நகலெடுத்து வேறு வண்டியில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வகை வண்டிகளைக் குறிவைத்துத் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்ன வண்டி இரவில் இன்ன தெருவில் நிற்கிறது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இவற்றை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. புதிதாக வண்டி வாங்குகிறவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

நான் முதலில் இதை ஆண்களின் விளையாட்டுப் பொருள் மோகம் என்று ஒதுக்கிவிடவில்லை. ஒதுக்க முடியாதபடி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்மா. என்னைப் பார்க்கறவங்க எல்லாம் மனசுக்குள்ள ஒரு கேள்வி கேட்டுக்கிட்டேதான் பார்ப்பாங்க, எங்கிருந்து வந்தவன்னு. இந்த வண்டியில போகும்போது மட்டும் ஒருத்தன் என்னைப் பார்த்து, நீயுமான்னு தலையாட்டிட்டுப் போறான்." கறுத்த தோலோடு வெள்ளையர் நாட்டில் வாழும் ஒரு மனிதருக்கு அந்தத் தலையசைப்பு சின்ன விஷயமில்லை. வண்டியும் இறக்குமதி, அவரும் ஒரு வகையில் இறக்குமதி. விசாரணை இல்லாத பார்வை ஒன்று மனிதருக்குத் தேவைப்படுகிறது. அது கிடைக்கும் இடத்தில் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் வண்டியேறித் தெருவில் வலம்வந்து பிறர் கண்ணில் படும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியைத் தமிழ் படித்த நான் தள்ளிவைக்க முடியாது. நம்மிடம் உலா என்றொரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது. தலைவன் யானைமீதோ தேர்மீதோ வீதியில் வருவான். ஏழு பருவப் பெண்கள் அவனைப் பார்ப்பார்கள், மயங்குவார்கள், மெலிவார்கள், வளை கழலுவார்கள். பேதை என்றால் ஐந்து முதல் ஏழு வயது, பெதும்பை எட்டு முதல் பதினொன்று என்று தொடங்கி, பேரிளம்பெண் என்றால் நாற்பது வரை. ஆர்32, ஆர்33, ஆர்34 என்று வண்டிகளுக்குத் தலைமுறை பிரிப்பதைக் கேட்டபோது எனக்கு இந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. வண்டிகளுக்கு வயது ஏற ஏற மதிப்புக் கூடுகிறது. நாற்பதைத் தாண்டிய எனக்கு உலாவின் பட்டியலில் இடமே கிடையாது.

உலாவில் பெண்களும் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டதுண்டு. பார்க்கிறார்கள்தான். அந்தப் பார்வைக்குப் பதில் வருவதில்லை. யானைமேல் போகிறவன் திரும்பித் தலையசைத்து, நீயுமா என்று கேட்பதில்லை. அவன் பெருமையை அளக்க எத்தனை பெண்கள் மெலிந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். அதற்காகவே அவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

மடலேறுதல் என்ற வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். காதல் கைகூடாதவன் பனை மடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி ஊர்த்தெருவுக்கு வருவான். ஊரார் பார்க்கட்டும் என்றுதான் வருவான். பெண் மடலேறுவது முறையன்று என்று தொல்காப்பியம் விலக்கிவிடுகிறது. காதலும் துயரும் அவளுக்கும் உண்டு. தெருவில் வண்டியேறி நின்று, இது என் துயரம் என்று காட்டும் உரிமை மட்டும் இல்லை. அவள் ஊர் கண்ணில் பட்டால் அதற்கு அலர் என்று பெயர். அவன் கண்ணில் படுவது வீரம், அவள் கண்ணில் படுவது பழிச்சொல்.

இனி என் தோழியின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். வயது இருபத்து மூன்று. அப்பாவின் ஆசை அவளுக்கும் தொற்றிவிட்டது. அவருடைய வண்டிக்கடியில் படுத்து நட்டு கழற்றி வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் தன் சம்பளத்தில் ஒரு யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கினாள். மாஸ்டா நிறுவனம் 1989இல் கொண்டுவந்த இரண்டு இருக்கைக் கார். பிரிட்டனில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்றது, ஜப்பானில் யூனோஸ். அவளுடையது ஜப்பானிலிருந்து வந்தது. கரும்பச்சை நிறம், துணிக்கூரை. ஹெட்லைட்டுகள் பகலில் மூடிக் கிடக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்போல மேலே எழும்பும். எதிரே இன்னொரு ரோட்ஸ்டர் வந்தால் அந்தக் கண்களை எழுப்பி இறக்குவதுதான் வணக்கம்.

இந்தக் காருக்கு பிரிட்டனில் ஒரு கேலிப் பெயர் உண்டு: சிகையலங்காரம் செய்பவர்களின் கார். உலகிலேயே மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் இதுதான். அதை ஓட்டுவது ஆண்மைக்குக் குறைவு என்று சொல்ல ஒரு தொழிலின் பெயர் போதுமாக இருக்கிறது, பெண்கள் அதிகம் செய்யும் ஒரு தொழில். முடிவெட்டும் தொழிலை வசைச்சொல்லாக்கிய சாதி வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இழிவின் இலக்கணம் புதிதில்லை. ஒரு பொருளை மட்டம் தட்ட வேண்டுமானால், முதலில் உழைக்கும் ஒரு கூட்டத்தை மட்டம் தட்டிவைத்திருக்க வேண்டும்.

கூரை மூடியிருக்கும்போது ஒரு விதம், திறந்திருக்கும்போது ஒரு விதம் என்று அவள் சொன்னாள். "மூடியிருந்தா வண்டியைப் பார்த்துத் தலையாட்டிடுவாங்க பெரியம்மா. திறந்திருந்தா, ஆட்ட ஆரம்பிச்ச தலை பாதியிலயே நின்னுடும்." எல்லோரும் அப்படியில்லை, பலர் முழுசாகவே ஆட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். சிலர் ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றி அவள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில், "அழகான வண்டி, யாருடையது?" என்று கேட்கிறார்கள். "என்னுடையது" என்றால் அடுத்த கேள்வி: அப்பா வாங்கிக் கொடுத்தாரா? அதற்கும் இல்லை என்றால் எஞ்சின் எத்தனை சிசி, எந்த ஆண்டு என்று வாய்மொழித் தேர்வு தொடங்கிவிடும். அவள் அப்பாவிடம் யாரும் அந்த வண்டி யாருடையது என்று கேட்டதில்லை. அவரை எங்கிருந்து வந்தாய் என்று கேட்டவர்கள்கூட அந்த வண்டிக்குள் உட்கார்ந்தபின் கேட்கவில்லை.

நான் அங்கே இருந்தபோதே ஒன்று நடந்தது. சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடம் ஒன்றில் ஞாயிறு மாலை இந்த வண்டிக்காரர்கள் கூடுவார்கள். அவளும் போயிருந்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு புகைப்படம் கைக்குக் கை மாறி அவளிடமே வந்து சேர்ந்தது. கரும்பச்சை ரோட்ஸ்டர், கூரை திறந்திருக்கிறது, ஸ்டியரிங்கில் அவள். நம்பர் பிளேட் மிக ஒழுங்காக மறைக்கப்பட்டிருந்தது. அவள் முகம் மறைக்கப்படவில்லை. கீழே காரின் ஆண்டு, நிறம், சக்கரம் எந்த நிறுவனத்துடையது என்பது வரை எழுதியிருந்தான். அவளைப் பற்றி ஒரே ஒரு சொல்: போனஸ்.

தோழி பதறினாள். அண்ணன் அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பேசினார். வண்டிகள் வழியாக ஒருவரையொருவர் அறிந்த ஊர்தானே. அவன் உடனே படத்தை நீக்கினான், நண்பர்களையும் நீக்கச் சொன்னான். உண்மையாகவே வருந்தினான் என்றுதான் அண்ணன் சொன்னார். "அது உங்கள் மகள் என்று எனக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள்" என்றானாம். அண்ணன் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தோழிக்கும் நிம்மதி. மகள் மட்டும் தட்டில் இருந்த இட்லியைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கலையே, பெரியம்மா?"

இந்தக் கட்டுரை முழுவதும் அவளுடைய அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

அவன் கேட்ட மன்னிப்பு உரிமையாளரிடம் கேட்ட மன்னிப்பு. இன்னொருவர் வண்டியில் கீறல் போட்டுவிட்டால், வண்டியிடமா மன்னிப்புக் கேட்போம்? அவளைப் படமெடுத்தபோது அவனுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அவள் யாருக்கும் உரியவளாக அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தபோது உறுத்தியது, ஏனென்றால் அதன் பின்னால் ஒரு வீடு, ஒரு வாசல், ஒரு உரிமையாளர் இருப்பது தெரிந்தது. அந்த உரிமையாளர் அவளேதான் என்பது அவன் மனதில் எட்டவே இல்லை. ஒரே படத்தில் அவள் இரண்டாகப் பிரிந்திருந்தாள். உடைமைக்காரியாக அவளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பெண்ணாக அவள் பொருளானாள்.

சார்த்தர் 1943இல் எழுதிய தத்துவ நூலில் பார்வையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற உதாரணம் வருகிறது. சாவித்துவாரம் வழியே ஒருவன் எட்டிப் பார்க்கிறான். பின்னால் காலடியோசை. தான் பார்க்கப்படுகிறோம் என்று உணர்ந்ததும் கூசிப்போகிறான். பிறர் பார்வையில் நாம் பொருளாகிவிடுகிறோம் என்பதைச் சொல்லும் நல்ல உதாரணம்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தது யார்? எட்டிப் பார்த்தவனின் கூச்சத்தை உதாரணம் விரிவாகப் பேசுகிறது. பார்க்கப்பட்டவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காரோட்டியவனின் மன்னிப்பும் அந்த வகைதான். அவனைக் கூசவைக்க இன்னொரு ஆணின் காலடியோசை தேவைப்பட்டது.

காரையும் பெண்ணையும் ஒப்பிடுவதே இழிவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவிட்டுத்தான் நம் இலக்கணம் சொல்லைப் பற்றிப் பேசவே தொடங்குகிறது. தமிழில் கார் அஃறிணை. அதை 'அவள்' என்று சொல்ல மொழி விடாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான் காரை அவள் என்கிறார்கள். நான் ஒப்பிடுவது காரையும் பெண்ணையும் அல்ல. ஒரே மனிதன் இரண்டையும் பார்க்கும் விதத்தை ஒப்பிடுகிறேன். காலங்காலமாக நமக்குச் சொல்லப்பட்ட சமாதானம் ஒன்று உண்டு: ஆண்களின் கண் அப்படித்தான், அது இயற்கை, நாம்தான் மூடிக்கொண்டு போக வேண்டும். அந்த ஊரின் ரவுண்டானாக்கள் இந்தச் சமாதானத்தைப் பொய்யாக்கிவிட்டன. அதே கண், தன் மனதுக்கு மிகப் பிடித்த ஒன்றைத் தெருவில் பார்க்கிறது. ஆசையும் இருக்கிறது, வியப்பும் இருக்கிறது. ஆனாலும் தொடாமல், தொடராமல், அடையாளத்தை மறைத்து, தலையசைத்துப் போகத் தெரிகிறது. பார்வைக்கு ஒழுக்கம் கற்க முடியும். அவர்கள் கற்றிருக்கிறார்கள். யாருக்காகக் கற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஜப்பானியக் கார் நிறுவனங்களுக்குள் ஒரு கனவான்கள் ஒப்பந்தம் இருந்தது. எந்தக் காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் என்று சொல்லி விற்பதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்து, 2004 வரை காப்பாற்றினார்கள். காகிதத்தில் 280; சில எஞ்சின்களுக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது என்று அண்ணன் சிரிப்பார். கனவான்தனம் பெரும்பாலும் அப்படித்தான். எல்லை போட்டுக்கொள்வதும் அவர்களே, அதை மீறுவதும் அவர்களே, அதை அறிந்து புன்னகைப்பதும் அவர்களே. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத ஒருத்தி சாலைக்கு வரும்போது விதி எது என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

அண்ணன் நல்ல மனிதர். அன்றிரவு மகளிடம், "கொஞ்ச நாளைக்குக் கூரையை மூடிட்டு ஓட்டும்மா" என்றார். அன்போடுதான் சொன்னார். திறந்து ஓட்டுவதற்கென்றே செய்த காரை மூடி ஓட்டச் சொல்கிறோம் என்பது அவருக்கும் தெரியும். "உங்களை எங்கிருந்து வந்தீங்கன்னு கேட்டப்ப, நீங்க முகத்தை மூடிக்கிட்டாப்பா ஓட்டுனீங்க?" என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை கூரை திறந்தபடிதான் வண்டி கிளம்பியது. வாசலில் நின்று கையசைத்தவர் அவர்தான். நிறத்தால் ஒரு பார்வையை அனுபவித்தவருக்கு, பாலினத்தால் வரும் இன்னொரு பார்வையைப் புரிந்துகொள்ளப் பாதி வழி ஏற்கனவே திறந்திருக்கிறது. மீதிப் பாதியை மகள்தான் திறக்க வேண்டியிருந்தது.

நமக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருப்போம். பார்க்காதே என்பது மட்டும் நம் கோரிக்கை அல்ல. அது மட்டும் போதுமென்றால், கூரையை மூடிக்கொண்டு வாழ்ந்துவிடலாம்; பல நூற்றாண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தோம். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று தெரிந்து மதிக்க வேண்டும் என்பதும் அல்ல. அது நம்பர் பிளேட்டுக்குக் கிடைக்கும் மரியாதை. ஓட்டுகிறவள் என்று பார்க்க வேண்டும். இவளும் இந்தச் சாலையில் போகிறாள், இவளுக்கும் போக ஓரிடம் இருக்கிறது, இவள் கையில்தான் ஸ்டியரிங் இருக்கிறது என்று அறிந்து, தலையசைத்து, வழிவிட்டுப் போக வேண்டும். அங்கீகாரம் என்ற பெரிய சொல்லின் அன்றாட வடிவம் இவ்வளவுதான்.

அந்த வண்டிக்காரர்களின் தலையசைப்பிலும் ஒரு குறை இருக்கிறது. அதே வகை வண்டி வைத்திருப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கிறது. வாங்கக் காசில்லாதவர், பேருந்தில் போகிறவர், நடந்து போகிறவர் அந்த வட்டத்துக்கு வெளியே. உடைமையின் வாசல் வழியாக வரும் தோழமை உடைமையின் அளவுக்குத்தான் விரியும். அந்த வட்டத்துக்குள் நமக்கும் ஓரிடம் கேட்பதோடு நான் நிற்க மாட்டேன். என் தோழியின் மகளுக்கு அந்த இடம் வேண்டும், அது அவள் உரிமை. கார் இல்லாத பெண்ணுக்கும் அந்தப் பார்வை கிடைக்க வேண்டும்.

அப்படி ஒரு பார்வை நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது என்பதை ஊர் திரும்பிய பிறகு கவனித்தேன். எங்கள் ஊர் சிக்னலில் ஸ்கூட்டியில் நிற்கும்போது பக்கத்தில் வரும் பெண், "அக்கா, துப்பட்டா சக்கரத்துகிட்ட தொங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். "ஸ்டாண்டு எடுங்க" என்று ஒருத்தி கத்திவிட்டு முந்திச் செல்வாள். அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் யார் மகள், யார் மனைவி, என்ன சாதி, என்ன வயது என்று பார்க்கவில்லை. வண்டி ஓட்டுகிறவள் என்று பார்த்தாள், ஆபத்தைப் பார்த்தாள், சொன்னாள், போய்விட்டாள். பதிலுக்கு நான் தலையசைக்கும்போது பல தடவை அவள் ஒரு பேருந்தைத் தாண்டிப் போயிருப்பாள்.

இதை நாம் தற்செயலாக விட்டுவிடாமல் பழக்கமாக்கலாம். இரவுப் பேருந்தில் தனியே ஏறுகிறவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. முதன்முதலாக ஆட்டோ ஓட்டுகிறவளைப் பார்த்து ஒன்று. கட்டட வேலை முடிந்து சிமெண்டுத் தூசியோடு நடைபாதையில் போகிறவளைப் பார்த்து ஒன்று. அவள் பெயர் தெரிய வேண்டியதில்லை, பின்னால் போய் விசாரிக்க வேண்டியதில்லை. தெருவில் நாம் ஒருவருக்கொருவர் கண்ணில் பட்டுவிட்டோம், அதனால் யாருக்கும் பங்கமில்லை என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும் பெண்கள் தெருவில் பெருகும்போது, யாருடைய வண்டி என்று கேட்கிறவனும் தன் கேள்வியை விழுங்கிக்கொண்டு தலையை முழுசாக ஆட்டப் பழகுவான்.